ஹைக்கூவின் உயிர் மனித உறவே!



'ஹைக்கூவின் உயிராக விளங்குவது இயற்கையா? மனித உறவா?' இதுதான் இன்றைய தலைப்பு. நான் உறவின் பக்கம் வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். நிலா வந்தது, பனி வந்தது, செர்ரிப் பூ வந்தது, தட்டான் வந்தது, தவளை வந்தது. கொட்டின பனியிலே எனக்கே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கணும் போல இருந்தது. (சிரிப்பு) ஆனால் நடுவர் ஐயா, பத்து நிமிஷப் பேச்சிலே ஒரு மனுஷனைக் கூடக் காணோம். ஜப்பானிலே ஆளே குடியிருக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது! (சிரிப்பு)

அவர் சொன்ன வாதம் வலுவானதுதான். அதை நான் மறைக்க மாட்டேன். ஹைக்கூ என்பது ஐந்து, ஏழு, ஐந்து என்று மொத்தம் 17 ஒலியசைகள் கொண்ட கவிதை. அதிலே பருவத்தைக் காட்டுகிற ஒரு சொல் வரவேண்டும். அதற்குக் 'கிகோ' என்று பேர். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று சொல்லுவதற்கே அங்கே தனி அகராதிகள் இருக்கின்றன. தவளை என்றால் வசந்தம். நிலா என்றால் இலையுதிர் காலம். "பதினேழு அசையிலே ஓர் இடத்தை இயற்கைக்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிற கவிதைக்கு, உயிர் இயற்கைதானே?" என்று தம்பி கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குத் தட்ட வேண்டியதுதான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பருவச்சொல் அங்கே எதற்காக வந்தது?

ஹைக்கூ பிறக்கும்போதே தனிக்கவிதையாகப் பிறக்கவில்லை, நடுவர் அவர்களே. அது ஒரு கூட்டுக் கவிதையின் தலைப்பாட்டு. நாலு பேர், ஐந்து பேர் ஒரு வீட்டிலே வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தர் முதல் பாட்டைச் சொல்லுவார். அடுத்தவர் அதைத் தொட்டு இரண்டாவது பாட்டைச் சொல்லுவார். இரண்டாவதைத் தொட்டு மூன்றாவது. இப்படியே தொடுத்துக்கொண்டே போவார்கள். பாஷோ காலத்திலே 36 பாட்டுக் கொண்ட தொடர்தான் ரொம்பச் செல்வாக்கானது. அந்தத் தொடரின் முதல் பாட்டுக்கு 'ஹொக்கு' என்று பேர். அந்த ஹொக்குதான் பிற்காலத்திலே தனியாகப் பிரிந்து ஹைக்கூ ஆனது.

அந்த முதல் பாட்டை யார் சொல்லுவார் தெரியுமா? பெரும்பாலும் வந்திருக்கிற விருந்தாளி. இரண்டாவது பாட்டை? வீட்டுக்காரர். விருந்தாளி அன்றைய பருவத்தை வைத்துப் பாடுவார். வீட்டுக்காரர் அதே பருவத்திலே நின்று பதில் பாடுவார். அதாவது, பருவச்சொல் என்பது விருந்தாளி வாசலிலே நின்று சொல்லுகிற வணக்கம்!

நம்ம வீட்டிலே நடக்காததா? மத்தியானம் ஒரு மணிக்கு உறவுக்காரர் வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே, "அப்பப்பா, என்ன வெயில், என்ன வெயில்!" என்கிறார். அவர் என்ன சூரியனைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையா வாசிக்கிறார்? உள்ளே இருந்து நம்ம அம்மா, "வாங்க வாங்க, முதல்லே மோர் சாப்பிடுங்க" என்கிறார். முடிந்தது! முதல் பாட்டு விருந்தாளி, இரண்டாம் பாட்டு வீட்டுக்காரி. வெயிலும் வந்துவிட்டது, உறவும் வந்துவிட்டது. (கைதட்டல்) அந்த வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டுபோய், "பார்த்தீர்களா, இது வெயிலைப் பற்றிய உரையாடல்" என்று எதிரணி சொல்லுகிறது. மோரை எங்கே சார் விட்டீர்கள்?

தம்பி பாஷோவைச் சொன்னார். நானும் பாஷோவிடமே போகிறேன். 1644-இலே பிறந்தவர். 1689-இலே வடதிசை நோக்கி ஒரு நெடும்பயணம் போனார். சுமார் 2,400 கிலோமீட்டர். ஏறத்தாழ ஐந்து மாதம், பெரும்பாலும் கால்நடை. மலை பார்த்தார், கடல் பார்த்தார், கோயில் பார்த்தார். எதிரணி இதைச் சொன்னது. ஆனால் அவர் தனியாகப் போகவில்லை என்பதைச் சொல்லவில்லை. கூடவே ஸோரா என்கிற சீடர் போனார். அந்தக் காலத்து யாத்திரிகர்கள் தலையிலே போட்டுக்கொள்ளுகிற ஓலைத்தொப்பியிலே 'இருவர் சேர்ந்து போகிறோம்' என்ற பொருளிலே ஒரு வாசகம் எழுதிக்கொள்ளுவது வழக்கம். யமனாகா என்கிற வெந்நீர் ஊற்று ஊர் வந்தபோது ஸோராவுக்கு உடம்பு முடியவில்லை. அவர் பிரிந்து உறவினர் வீட்டுக்குப் போகவேண்டிய நிலை. அந்தப் பிரிவுக்குப் பாஷோ எழுதிய கவிதையிலே பனித்துளி வருகிறது. எதற்கு வருகிறது? தொப்பியிலே இருக்கிற அந்த வாசகத்தை அழிப்பதற்கு வருகிறது! இனிமேல் இருவர் இல்லையே, ஒருவர்தானே. பனித்துளி இயற்கைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது எதைத் துடைக்கிறது என்று பாருங்கள். அந்தத் துளி பனியா, கண்ணீரா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னும் ஐந்து ஆண்டு கழித்து, 1694. பாஷோவுக்கு வயது ஐம்பது. ஒஸாகாவிலே இருக்கிறார். உடம்பு சரியில்லை. மறுநாள் ஒரு நண்பர் வீட்டிலே கவிதைக் கூட்டம். போக முடியாது என்று தெரிந்துவிட்டது. தான் போகமுடியாத அந்தக் கூட்டத்துக்கு ஒரு ஹொக்குவை எழுதி அனுப்புகிறார். அதிலே இலையுதிர் காலம் ஆழ்ந்துபோனதைச் சொல்லுகிறார். சொல்லிவிட்டு எதை நினைக்கிறார்? மேகத்தையா? மரத்தையா? அடுத்த வீட்டுக்காரரை நினைக்கிறார்! அவர் யாரோ, என்ன செய்து பிழைக்கிறாரோ என்று நினைக்கிறார். நாடெல்லாம் நடந்தவர், மலையெல்லாம் பார்த்தவர், படுக்கையிலே கிடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற முகம் தெரியாத மனுஷனுக்காக ஏங்குகிறார். அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான் இருந்தார்.

நடுவர் அவர்களே, இங்கே அடுக்குமாடியிலே குடியிருக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பக்கத்து ஃபிளாட்டிலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "கதவு நம்பர் தெரியும் சார்" என்கிறார்கள். (சிரிப்பு) சிரிக்கலாம். ஆனால் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலே அந்தக் கவிஞன் கேட்ட கேள்விக்கு நம்மிடம் இன்னும் பதில் இல்லை.

அடுத்தது, பெண்பாற் கவிஞர் சியோ. 1703 முதல் 1775 வரை வாழ்ந்தவர். பின்னாளிலே துறவியானவர். அவர் கவிதை ஒன்று உலகப் புகழ் பெற்றது. காலையிலே தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போகிறார். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பூங்கொடி வாளியைச் சுற்றிப் படர்ந்து பூத்திருக்கிறது. நம்ம ஊர் வேலியிலேயும் நீல நிறத்திலே காலையிலே பூத்து, வெயில் ஏறினால் வாடிவிடுமே, அந்த இனத்துக் கொடி. இப்போது தண்ணீர் வேண்டும் என்றால் கொடியைப் பிய்க்க வேண்டும். சியோ பிய்க்கவில்லை. என்ன செய்தார்? பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார்.

எதிரணியிலே பேசிய சகோதரி இந்தக் கவிதையைச் சொல்லி, "பாருங்கள், பூவின் மேலே என்ன இரக்கம்!" என்றார். பாதிக் கவிதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்! பூவைப் பார்த்து மனம் இளகினது முதல் பாதி. அந்த இளகின மனத்தோடு அடுத்த வீட்டு வாசலிலே போய் நின்றது மறுபாதி. அந்தக் கொடி வாளியைப் பிடித்துக்கொண்டது. அதனாலேயே ஒரு பெண் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டினாள். கொடி தண்ணீரையா தடுத்தது? ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு முடிச்சுப் போட்டது ஐயா! (கைதட்டல்)

சரி, தொடுதலுக்கு வருகிறேன். உறவிலே ரொம்ப ஆழமானது தொடுதல்தானே. புஸோன் என்று ஒரு கவிஞர், 1716-இலே பிறந்தவர், பெரிய ஓவியரும் கூட. ஒரு கவிதையிலே, இருட்டான படுக்கையறை. நடக்கிறவர் காலிலே ஏதோ சில்லென்று படுகிறது. அது இறந்துபோன மனைவியின் சீப்பு. இதிலே பருவச்சொல் எங்கே என்று தேடினால், அந்தச் 'சில்' என்பதுதான் பருவச்சொல்! உடம்புக்குள்ளே இறங்குகிற குளிரைக் குறிக்கிற சொல் அது. இலையுதிர் காலத்துக்கு உரியது. இங்கே குளிர் வானத்திலிருந்து வரவில்லை. தொடுவதற்கு அந்தக் கை இனி இல்லையே என்பதிலிருந்து வருகிறது.

இதிலே இன்னொரு செய்தி உண்டு. இந்தக் கவிதையை எழுதும்போது புஸோனுடைய மனைவி உயிரோடுதான் இருந்தார். அவருக்குப் பின்னாலேயும் வாழ்ந்தார். அந்த அம்மா படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நம்ம வீட்டிலே இப்படி ஒன்று எழுதினால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது! (பலத்த சிரிப்பு) ஆனால் யோசித்துப் பாருங்கள். இருக்கும்போதே இழப்பைக் கற்பனை பண்ணிப் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்தவனுக்குத்தான், அடுத்த நாள் காலையிலே மனைவி தலைவாரிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அது எவ்வளவு பெரிய செல்வம் என்று தெரியும்.

நடுவர் அவர்களே, இஸ்ஸா என்கிற பெயரைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும். 1763-இலே ஒரு மலைநாட்டுக் கிராமத்திலே பிறந்தார். மூன்று வயதிலே தாயை இழந்தார். மாற்றாந்தாயோடு ஒத்துப்போகவில்லை. சிறுவயதிலேயே ஊரைவிட்டு எடோவுக்கு, இன்றைய டோக்கியோவுக்கு, அனுப்பப்பட்டார். அப்பா இறந்த பிறகு சொத்துத் தகராறு பத்து வருஷத்துக்கு மேலே இழுத்தது. தீர்ந்து, சொந்த ஊர் திரும்பி, கல்யாணம் பண்ணும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாலு குழந்தைகள் பிறந்தன. நாலும் குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டன. 1823-இலே மனைவியும் போனார். கடைசியிலே வீடு தீப்பிடித்து, எரியாமல் மிஞ்சின சேமிப்புக் கிடங்கிலேயே வாழ்ந்து, 1828 ஜனவரியிலே கண்ணை மூடினார்.

இந்த மனிதர் சுமார் இருபதாயிரம் ஹைக்கூ எழுதினார். எதைப் பற்றி? நத்தை, ஈ, தெள்ளுப்பூச்சி, தவளை, சிட்டுக்குருவி. "எவ்வளவு பெரிய இயற்கைக் கவிஞர்!" என்று எதிரணி கொண்டாடுகிறது. அவர் நத்தையை நத்தையாகப் பார்க்கவில்லையே! ஈயிடம் பேசுகிறார். தவளைக்குத் தைரியம் சொல்லுகிறார். தாயில்லாத சிட்டுக்குருவியைத் தன் கூட்டாளியாக நினைக்கிறார். பேச ஒரு மனுஷர் இல்லாத வீட்டிலே, கண்ணிலே பட்ட ஒவ்வொரு உயிரையும் சொந்தக்காரர் ஆக்கிக்கொண்ட மனசு அது. அதை விலங்கியல் பாடம் ஆக்கிவிடாதீர்கள்!

1819-இலே அவருடைய பெண் குழந்தை சாதோ அம்மை கண்டு இறந்தது. ஒரு வயது கடந்திருந்த குழந்தை. அப்போது அவர் பனித்துளியைப் பற்றி எழுதினார். உலகம் பனித்துளி போல நிலையில்லாதது என்று அவர் மதம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவரும் ஒத்துக்கொள்ளுகிறார். ஆனால் ஒத்துக்கொண்ட பிறகும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அந்தக் கவிதை அங்கேயே நின்றுவிடுகிறது. பனித்துளி பற்றித் தத்துவம் பேசினவர்கள் ஆயிரம் பேர். அந்தத் தத்துவம் போதவில்லை என்று சொன்ன தகப்பன் ஒருத்தர். அவரைத்தான் உலகம் இருநூறு வருஷமாகப் படிக்கிறது.

அடுத்து ஷிகி. 'ஹைக்கூ' என்கிற பெயரை நிலைபெறச் செய்தவரே அவர்தான். "கண்டதைக் கண்டபடி தீட்டு" என்று அவர் சொன்னாராம். ஆகவே ஹைக்கூவிலே உணர்ச்சிக்கு இடமில்லையாம். இது எதிரணியின் கடைசி அம்பு.

ஷிகி 1867-இலே பிறந்தார். காசநோய். ரத்தம் ரத்தமாக இருமினார். ரத்தம் கக்கும்வரை பாடும் என்று கதை சொல்லப்படுகிற ஒரு குயில் இனத்தின் பெயரைத்தான் தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். நோய் முதுகெலும்புக்குப் பரவி, கடைசி ஆண்டுகளிலே படுத்த படுக்கை. அம்மாவும் தங்கையும்தான் பார்த்துக்கொண்டார்கள். 1896-இலே பனி பெய்கிறது. அவரால் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. எவ்வளவு பெய்திருக்கிறது என்று மறுபடி மறுபடி வீட்டிலே இருப்பவர்களைக் கேட்டதையே ஒரு ஹைக்கூ ஆக்கினார். கண்டதைக் கண்டபடி தீட்டு என்று சொன்னவருக்கு, அந்தப் பனியைக் காணவே கொடுத்துவைக்கவில்லை ஐயா! அந்தக் கவிதையிலே இருப்பது பனி இல்லை. கேட்கிற ஒரு குரல், பதில் சொல்லுகிற ஒரு குரல். அவ்வளவுதான்.

பிற்பாடு கியோஷி என்கிற சீடர் அந்த அறையின் காகிதக் கதவுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கதவு போட ஏற்பாடு பண்ணினார். அதன் பிறகுதான் படுத்துக்கொண்டே அவரால் தோட்டத்தைப் பார்க்க முடிந்தது. எதிரணி நண்பர்களே, அவருக்கு இயற்கையைக் காட்டினதே ஒரு நண்பனுடைய அன்புதான்! (கைதட்டல்) 1902 செப்டம்பரிலே, சாவதற்கு முந்தைய நாள், தோட்டத்துப் பீர்க்கங்கொடியைப் பற்றி மூன்று கவிதை எழுதினார். அந்தக் கொடியின் நீர் கபத்துக்கு மருந்து. தங்கை எழுதும் அட்டையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலே இருந்த நண்பர் தூரிகையைத் தோய்த்துக் கொடுத்தார். மூன்று கவிதைக்குப் பின்னாலே எத்தனை கை பாருங்கள்!

இதெல்லாம் நமக்குப் புதிதா? பாரதியார் 1916-இலேயே சுதேசமித்திரனிலே ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். எண்பதுகளிலே தமிழ் ஹைக்கூத் தொகுப்புகள் வரத் தொடங்கியதும் நம் இளைஞர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். ஏன் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது? தொல்காப்பியம் படித்தவருக்குக் காரணம் தெரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு இவையெல்லாம் கருப்பொருள். சேர்தல், பிரிதல், காத்திருத்தல், ஏங்குதல், ஊடுதல் ஆகியவை உரிப்பொருள். பாட்டிலே இந்த மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது, உரிப்பொருளே தலையாயது என்பது நம் இலக்கணம். ஜப்பான்காரர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் சொல்லுகிறேன். மலையையும் மழையையும் சொல்லி, மனசைச் சொல்லுவது.

நடுவர் அவர்கள் அனுமதித்தால் சொந்த விஷயம் ஒன்று. நான் விடுதியிலே தங்கிப் படித்த காலம். எங்க அப்பா விவசாயி. மாதம் இரண்டு அஞ்சல் அட்டை போடுவார். 'இவ்விடம் யாவரும் நலம்' என்பதற்கு அப்புறம் அட்டை பூராவும் வானிலைதான். 'செவ்வாய்க்கிழமை ஓர் உழவு மழை. கிணற்றில் ஆறடி தண்ணீர். வாசல் வேம்பு பூத்திருக்கிறது.' அவ்வளவுதான். என் அறை நண்பன் எடுத்துப் படித்துவிட்டு, "ஏண்டா, உங்க அப்பா வானிலை நிலையத்திலேயா வேலை பார்க்கிறார்?" என்பான். (சிரிப்பு)

எங்க அப்பா என்னைத் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்து அப்பாக்கள் அப்படித்தான். 'கண்ணே, உன்னைப் பார்க்கணும் போல இருக்கு' என்று எழுத அவருக்கு வராது. எழுதினால் கை கூசும். ஆனால் ஆயிரம் வேலைக்கு நடுவிலே வேம்பு பூத்ததைப் பார்த்து, இதைப் பிள்ளைக்குச் சொல்லணும் என்று தோன்றியிருக்கிறதே, அதற்குப் பேர் என்ன? ஜப்பானிலேயும் கடிதம் எழுதினால் முதலிலே பருவத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அது மரபு. எங்க அப்பாவுக்கு ஜப்பான் எந்தத் திசையிலே இருக்கிறது என்று கூடத் தெரியாது. ஆனால் அவருக்குக் கிகோ தெரிந்திருந்தது. (நீண்ட கைதட்டல்)

இன்றைக்கு நீங்கள் அமெரிக்காவிலே இருக்கிற பிள்ளையிடம் பேசுகிறீர்கள். நாலு வார்த்தை பேசியதும் விஷயம் தீர்ந்துவிடுகிறது. உடனே என்ன கேட்கிறீர்கள்? "அங்கே குளிரா? பனி கொட்டுதா?" பிள்ளை கேட்கிறான், "அங்கே மழையாம்மா?" பத்தாயிரம் மைலுக்கு அப்பாலே பெய்கிற மழை அவனுக்கு எதற்கு? அந்த மழை அம்மாவின் தலையிலே பட்டிருக்குமே என்பதற்காகக் கேட்கிறான். 2020-இலே கொரோனா வந்து, பெற்ற பிள்ளையைக் கூடத் தொடக்கூடாது என்று உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, பேரனுடைய முகத்தைத் தொடுகிறதாக நினைத்துக்கொண்டு கைபேசிக் கண்ணாடியைத் தடவின பாட்டிகள் எத்தனை பேர்? அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது, பறவைகள் நிறையக் கூவின. இயற்கை மட்டும் போதுமானால் நாம் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டுமே! ஏன் அழுதோம்?

இறுதியாக, தம்பி ஒரு சவால் விட்டார். "பாஷோவின் பழங்குளத்துத் தவளைக் கவிதையிலே மனுஷன் எங்கே, காட்டுங்கள் பார்க்கலாம்!" என்றார். காட்டுகிறேன். அந்தக் கவிதை 1686-இலே வெளிவந்த ஒரு தொகுப்பிலே இருக்கிறது. அது என்ன தொகுப்பு தெரியுமா? பாஷோவும் அவருடைய சீடர்களும் நண்பர்களும் தவளையைப் பற்றியே ஆளுக்கொரு கவிதை பாடி, இரண்டு இரண்டாகச் சேர்த்து மோதவிட்ட போட்டித் தொகுப்பு! அதாவது, தவளைப் பட்டிமன்றம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) உலகத்திலேயே ரொம்பத் தனிமையான கவிதை என்று எல்லோரும் சொல்லுகிற அந்தக் கவிதை, பக்கத்திலே இன்னொருவர் கவிதை துணைக்கு இருக்க, கூட்டத்தோடு கூட்டமாகத்தான் உலகத்துக்கு வந்தது. நம்மைப் போலவே, எதிரும் புதிருமாக நின்ற நண்பர்கள் நடுவிலே அந்தத் தவளை குதித்தது.

ஆகவே நடுவர் அவர்களே, இயற்கை வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. வெயில் இல்லாமல் மோர் இல்லை. பருவச்சொல் ஹைக்கூவின் வாசல். அதை இடித்துவிட்டு உள்ளே போக முடியாது. ஆனால் வாசல் கட்டுவது எதற்கு? யாராவது வருவார்கள் என்பதற்காகத்தானே! ஹைக்கூ பதினேழு அசையோடு நின்றுவிடுவது சொல்ல விஷயம் இல்லாததால் அல்ல. இரண்டாவது பாட்டை நீங்கள் சொல்லவேண்டும் என்று அது காத்திருக்கிறது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், ஊரிலே தனியாக இருக்கிற அம்மாவுக்கோ, பேசி நாளாகிவிட்ட அண்ணனுக்கோ ஒரு ஃபோன் போடுங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். "அங்கே மழை உண்டா?" என்று கேளுங்கள் போதும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

மழையைச் சொல்லி மனிதரைத் தேடுகிற அந்த ஏக்கமே ஹைக்கூவின் உயிர் என்று நல்ல தீர்ப்பு வழங்கவேண்டும் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.